குப்பை விளக்கு – 7: பாக்தாத் ஏரிக்கரையில் தொண்ணூறு நாள்

போன வாரம் தில்லி திமார்பூரில் விட்டோம். டென்மார்க் நிறுவனம் கட்டித் தந்த எரிஉலை. நாளொன்றுக்கு 300 டன் குப்பையைத் தின்று 3.75 மெகாவாட் மின்சாரம் தரும் என்று சொல்லி 1987-ல் திறந்தார்கள். 21 நாள் ஓடியது. உலை கேட்டது கிலோவுக்கு ஏறத்தாழ 1,460 கிலோகலோரி சூடு. தில்லிக் குப்பை கொடுத்தது 600, மிஞ்சினால் 700. மண்ணும் ஈரமும் கலந்த அந்தக் குப்பையைப் பற்றவைக்க டீசல் ஊற்ற வேண்டியதாயிற்று. 1990-ல் பூட்டினார்கள்.

அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். தோற்றது உலையா, அதை நடத்திய நகர நிர்வாகமா? செலவுக்கு யோசிக்காத, ஒரு சொல் சொன்னால் மறுசொல் இல்லாத அமைப்பு ஒன்றின் கையில் அதே உலையைக் கொடுத்திருந்தால் ஓடியிருக்குமோ?

ஆவடிக்காரர்கள் இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள்.

அங்கே ஊருக்குப் பாதி அடையாளம் மதில்தான். 1961-ல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை. 1965 முடியும் தறுவாயில் அங்கிருந்துதான் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. அதைச் சுற்றி எஞ்சின் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, டாங்கி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஆவடி என்ற பெயருக்குக்கூட ஆங்கில எழுத்துகளைக் கோத்து ஒரு ராணுவ விரிவாக்கம் சொல்வார்கள். பெயருக்குப் பிறகு தைத்த சட்டை அது என்பது என் எண்ணம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அடியில் வெள்ளையும் காவியும் பூசிய மரங்கள், பெருக்கிய பாதை. இந்தப் பக்கம் வந்தால் சேக்காட்டில் குப்பைமேடு. அம்பத்தூர்ப் பக்கம் போனால் அத்திப்பட்டில் இன்னொன்று. "மிலிட்டரிக்காரன் கையில குடுங்கண்ணே, ஒரே மாசத்துல கிளீன் பண்ணிடுவான்" என்ற பேச்சு ஆவடி டீக்கடைகளில் அலுக்காத பேச்சு.

இந்த டீக்கடை யோசனையை உலகத்தின் மிகப் பணக்கார ராணுவம் நிஜமாகவே செய்து பார்த்தது. இடம் பாக்தாத். வருடம் 2008.

*

இரண்டு கடிதங்கள்

அதற்கு இரண்டு வருடம் முன்பு போக வேண்டும்.

2006 ஜூலை. இராக்கின் மேற்கே அன்பார் மாகாணம். அங்கே படைகளுக்குத் தலைமை தாங்கிய மரீன் மேஜர் ஜெனரல் ரிச்சர்ட் ஸில்மர், வாஷிங்டனுக்கு அவசரக் குறிப்பு ஒன்று அனுப்புகிறார். போர்முனைத் தளபதி எதைக் கேட்பார்? ஆள் கேட்பார், கவச வண்டி கேட்பார். ஸில்மர் கேட்டது சூரியத் தகடுகளும் காற்றாலைகளும்.

பென்டகனில் சிலருக்குப் புருவம் உயர்ந்திருக்கும். ஆனால் அவர் கேட்டதற்கான காரணம் எளிமையானது. தளங்களில் இரவும் பகலும் ஜெனரேட்டர்கள் ஓடின. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் லாரியில் வர வேண்டும். லாரி போகும் சாலையோரத்தில் குண்டு புதைந்திருக்கும். டீசல் தேவையைக் குறைத்தால் லாரி குறையும், லாரி குறைந்தால் சாவு குறையும்.

அமெரிக்க ராணுவமே பின்னால் இதற்குக் கணக்குப் போட்டது. 2009-ல் வந்த அந்த ஆய்வின்படி, 2007-ல் ஆப்கானிஸ்தானில் ஒவ்வொரு 24 எரிபொருள் வண்டித் தொடருக்கும் ஓர் ஆள் செத்தார் அல்லது காயம்பட்டார். இராக்கில் ஏறக்குறைய 39-க்கு ஒருவர். ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் எரிபொருளை ஆப்கன் மலைக்கோடித் தளங்களில் கொண்டு சேர்க்க 400 டாலர் வரை ஆகிறது என்று பென்டகன் அதிகாரிகள் அதே 2009-ல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள்.

இந்த 400 டாலரை நினைவில் முடிந்து வையுங்கள். இந்த அத்தியாயத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது கடிதம் அதே வருடம் டிசம்பர் 20-ம் தேதியிட்டது. பாக்தாதுக்கு வடக்கே, பலத் விமானத் தளம். எழுதியவர் விமானப்படையின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியாளர், லெப்டினன்ட் கர்னல் டாரின் கர்டிஸ்.

அவருக்கு உள்ளே வரும் டீசலைப் பற்றிக் கவலையில்லை. வெளியே போகும் புகையைப் பற்றிக் கவலை.

*

பலத்தின் குழி

பலத் ஒரு முகாம் என்று சொன்னால் கூடாரங்கள்தான் மனக்கண்ணில் வரும். அது ஒரு நகரம். சுமார் 25,000 பேர். திரையரங்கு, நீச்சல் குளம், பர்கர் கடை எல்லாம் உண்டு. நகரம் என்றால் குப்பை.

அமெரிக்கப் படைவீரர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 10 பவுண்டு, நாலரைக் கிலோ குப்பை போட்டார் என்பது ராணுவத்தின் மதிப்பீடு. நம் ஊரில் ஒருவர் போடுவது அரைக் கிலோ சொச்சம். குடிக்கும் தண்ணீர் முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டிலில் வந்தது. சோறு ஒருமுறை வீசும் தட்டில் வந்தது. உதிரிப் பாகங்கள் மரப்பெட்டியில், அட்டையில், நுரைப்பஞ்சில் வந்தன.

இவ்வளவும் போன இடம் ஒரு குழி. பத்து ஏக்கர் பரப்பு. அதில் தட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக், டயர், பேட்டரி, மருத்துவமனைக் கழிவு, மீந்த உணவு எல்லாம் ஒன்றாக. 2007-ல் அந்தக் குழி நாளொன்றுக்கு 100 முதல் 200 டன் வரை எரித்தது என்று பின்னாளில் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை எழுதியது. இரவிலும் அணையாது. காற்று திரும்பினால் கரும்புகை படுக்கையறைக் கூடாரங்களுக்குள் வரும்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து பல நாள் புகைந்ததே, அந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பலத்தில் அது வருடக்கணக்கில் நடந்தது. விபத்தாக நடக்கவில்லை, வேலைத்திட்டமாக நடந்தது.

கர்டிஸ் தன் குறிப்பில் இந்தக் குழியால் உடனடி உடல்நலக் கேடு உண்டு என்று தொழில்முறைக் கருத்தாகவே எழுதிக் கையெழுத்திட்டார். நாள்பட்ட பாதிப்பும் வரக்கூடும் என்றார். டயாக்ஸின், பென்சீன், ஆர்செனிக் என்று புகையில் இருக்கக்கூடியவற்றைப் பட்டியல் போட்டார். தான் நேரில் பார்த்த இடங்களிலேயே மிக மோசமானது இதுதான் என்று ராணுவச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார்.

குறிப்பு மேலே போனது. மேலேயே தங்கியது.

*

டயாக்ஸின் எப்படிப் பிறக்கிறது

இங்கே கொஞ்சம் நிற்போம். இனி வரும் அத்தியாயங்களில் இந்தச் சொல் அடிக்கடி வரப்போகிறது.

டயாக்ஸினை யாரும் தயாரிப்பதில்லை. குளோரின் உள்ள பொருள், கரி, கொஞ்சம் செம்பு போன்ற உலோகம், அரைகுறைச் சூடு இவை கூடினால் அது தானே உண்டாகும். பி.வி.சி. குழாய், வயர் உறை, சோற்றில் இருக்கும் சாதாரண உப்பு, எதிலிருந்து வேண்டுமானாலும் குளோரின் வரலாம். திறந்த வெளியில் எரியும் குப்பைக்கு இந்த அரைகுறைச் சூடுதான் இயல்பு. வாசலில் சருகோடு பாலிதீன் பையைப் போட்டுக் கொளுத்துகிறோமே, அதுவும் பலத் குழியின் குட்டிதான்.

உலைக்குள் 850 டிகிரிக்கு மேல் இரண்டு விநாடியாவது புகையை நிறுத்தினால் டயாக்ஸின் சிதைந்துவிடும். ஐரோப்பிய விதி அதைத்தான் சொல்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம். அந்தப் புகை புகைபோக்கிக்குப் போகும் வழியில் ஆறும். ஆறிக்கொண்டே 450 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு இறங்கும்போது, சாம்பல் தூசியின் மேல் டயாக்ஸின் திரும்பவும் கூடிவிடும். கொன்றது உயிர்த்து எழுந்த மாதிரி. அதனால்தான் நல்ல உலைகளில் புகையைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். பிறகு கரித்தூள் தூவி, துணிப்பை வடிகட்டியில் பிடிக்கிறார்கள்.

பிடித்தது எங்கே போகிறது? வடிகட்டிச் சாம்பலுக்குள். ஈயம், காட்மியம், பாதரசத்தின் ஒரு பகுதி, டயாக்ஸின் எல்லாம் அதில் சேரும். புகைபோக்கி எவ்வளவு சுத்தமோ, அந்தச் சாம்பல் அவ்வளவு நஞ்சு. குப்பை மின்சாரத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் புகைபோக்கியைக் காட்டுவார்கள். நான் சாம்பல் லாரி எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பேன்.

*

டீசலும் புகையும் சந்தித்த இடம்

டீசல் வரவேண்டியதில்லை, குப்பை எரியவேண்டியதில்லை என்று ஒரே இயந்திரம் இரண்டு கடிதங்களுக்கும் பதில் சொன்னால்?

அப்படி ஓர் இயந்திரம் ஏற்கெனவே அமெரிக்காவில் உருவாகிக்கொண்டிருந்தது. கடிதங்களைப் பார்த்து யாரும் அதைத் தொடங்கவில்லை. ஆய்வகத்தில் அதற்கு முன்பே வேலை நடந்தது. ஆனால் 2006-க்குப் பிறகு அதற்கு ஒரு மவுசு வந்தது. இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாடிஷ் குழு, மேரிலாந்தில் ராணுவத்தின் எட்ஜ்வுட் மையத்தில் ஜேம்ஸ் வால்டெஸ் குழு. வீடு மாற்றும் லாரி அளவில் ஒரு சுத்திகரிப்பு ஆலை. அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'டைகர்' என்று வரும். அமெரிக்க ராணுவத்தில் பெயர் வைப்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்குமோ என்று சில சமயம் தோன்றும்.

இதில் திமார்பூரை விடப் புத்திசாலித்தனமான ஒரு விஷயம் இருந்தது. திமார்பூர் உலைக்கு ஒரே வாய். டைகருக்கு இரண்டு.

காகிதம், அட்டை, பிளாஸ்டிக் முதலிய உலர்ந்த குப்பை ஒரு வாயில் போகும். அதைப் பொடித்து, அழுத்தி, மாட்டுத் தீவன உருளை மாதிரி வில்லைகளாக்கி, காற்று குறைந்த கலனில் சூடாக்குவார்கள். தீப்பிழம்பாக எரியாமல் எரிவாயுவாக மாறும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊர் பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அதே தத்துவம்தான்.

மீந்த சோறு, ரொட்டி, பழம், குளிர்பானம் இன்னொரு வாயில் போகும். அதை ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்கவைத்து எத்தனால் வடிப்பார்கள். ஊரில் ஊறல் போடுவதற்கும் இதற்கும் கொள்கை அளவில் வித்தியாசம் கிடையாது.

வாயுவும் எத்தனாலும் கலந்து ஒரு சாதாரண டீசல் ஜெனரேட்டருக்குள் போகும். 60 கிலோவாட். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சில லேத் பட்டறைகளுக்குப் போதுமான மின்சாரம். தொடங்கும்போது டீசலில்தான் தொடங்க வேண்டும்; சூடு பிடித்த பிறகு டீசல் படிப்படியாகக் குறையும். ஒரு சிறு தளத்தின் குப்பை, ஏறக்குறைய ஒரு டன், உள்ளே போனால் மிஞ்சும் சாம்பலின் கனஅளவு முப்பதில் ஒரு பங்கு என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு.

அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தாயிற்று. இனி போர்முனை.

*

தொண்ணூறு நாள்

2008 மே மாதம். பாக்தாத் விமான நிலையத்தை ஒட்டி விக்டரி முகாம். சதாம் உசேன் வேட்டைக்கும் விருந்துக்கும் கட்டிய அரண்மனைகள், நடுவில் வெட்டிய செயற்கை ஏரிகள். அவர் ஏரிக்கரையில் இப்போது இரண்டு டைகர்கள் வந்து இறங்கின.

நாள் பார்த்த விதத்தைக் கவனியுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை. பாக்தாதில் நிழலிலேயே 45 டிகிரி தாண்டும் மாதங்கள்.

இங்கே ஓடினால் எங்கேயும் ஓடும். முதலில் ஓடியது. குப்பை உள்ளே போனது, விளக்கு எரிந்தது. குப்பையிலிருந்து நேராகத் தளத்துக்கே மின்சாரம் எடுக்கலாம் என்பது மெய்ப்பட்டது.

பிறகு இராக் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

புளிக்கவைக்கும் தொட்டிக்கும் வடிக்கும் கலனுக்கும் குளிர்ச்சி வேண்டும். வெளிக்காற்றே அனலாக இருக்கும்போது குளிர்விப்பான் திணறும். மாவு மாதிரிப் பறக்கும் புழுதி எந்த இடுக்கிலும் நுழையும். இதெல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராத அளவுக்குப் படுத்தியது குப்பை.

அமெரிக்காவில் சோதித்தபோது போட்ட குப்பை, பொறியாளர்கள் கலந்து வைத்த குப்பை. இவ்வளவு காகிதம், இவ்வளவு பிளாஸ்டிக், இவ்வளவு உணவு என்று அளவு பார்த்தது. விக்டரி முகாமில் வந்தது நிஜக் குப்பை. ஈரமும் உலர்வும் பிரிபடாமல் வரும் மூட்டை. வில்லை செய்யும் இயந்திரத்துக்கு ஈரம் ஆகாது. மாவு கெட்டியாகிப் போன இடியாப்ப உழக்கு மாதிரி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் நிறுத்து, பிரி, சுரண்டு, மறுபடி தொடங்கு. தொடங்கும்போதெல்லாம் டீசல்.

பக்கத்தில் ஆட்கள் நின்று பிரிக்க வேண்டியிருந்தது. போர்முனையில் ஒரு சிப்பாயைக் குப்பை பிரிக்க நிறுத்துவது என்றால் அவர் வேறொரு காவலில் இல்லை என்று பொருள். கட்டளை இட்டால் நடக்கும் அமைப்புதான். ஆனால் சாப்பிட்டு எழும் ஆயிரம் பேரும் தட்டைக் கவிழ்க்கும் அந்த ஒரு விநாடியில், எச்சிலை ஒரு தொட்டியிலும் தட்டை இன்னொரு தொட்டியிலும் போட வைக்க ஜெனரலாலும் முடியவில்லை.

ஆகஸ்டில் தொண்ணூறு நாள் முடிந்தது. இயந்திரங்கள் ஊர் திரும்பின. தத்துவம் நிரூபணமானது, இயந்திரம் இன்னும் முரடாக வேண்டும் என்பது குழுவின் முடிவு. அதை நான் தோல்வி என்று எழுதமாட்டேன். சோதனை என்பது இதற்குத்தான். வாய் பிளந்து நின்ற இடத்தை ஒளிக்காமல் எழுதிவைத்ததே பெரிய காரியம்; திமார்பூர் பற்றி அப்படி ஒரு நேர்மையான குறிப்பு நம்மிடம் இருந்திருந்தால் அதற்குப் பின் வந்த எத்தனையோ உலைகளின் தலையெழுத்து மாறியிருக்கும்.

டைகர்கள் புறப்பட்டுப் போன இரண்டாவது மாதம், 2008 அக்டோபரில், கர்டிஸின் பழைய கடிதம் பத்திரிகையில் வந்தது.

*

இருபத்தைந்து டாலர்

கடிதம் வெளியானதும் காட்சிகள் வேகமாக மாறுகின்றன. 2009 அக்டோபர் 1 அன்று பலத் குழி மூடப்பட்டது. அதே மாதக் கடைசியில், அபாயக் கழிவையும் மருத்துவக் கழிவையும் திறந்த குழியில் எரிக்கத் தடை போடும் சட்டம் கையெழுத்தானது. குழிக்குப் பதில் எரிஉலைகள் வாங்கச் சொன்னார்கள். பணம் பாய்ந்தது.

ஆப்கானிஸ்தானில் 9 தளங்களுக்கு 23 உலைகள், செலவு 8 கோடி டாலருக்கு மேல். 2015 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் சிறப்புத் தணிக்கையாளர் எண்ணிப் பார்த்தபோது, எட்டு உலைகள் ஒருநாள்கூட எரியாமலே கிடந்தன. அவற்றின் விலை மட்டும் இரண்டு கோடி டாலர். உலை நிற்கும், பக்கத்திலேயே குழி புகையும்.

மின்சாரக் கனவு இன்னொரு பக்கம் ஃபுளோரிடாவுக்குப் போனது. ஹர்ல்பர்ட் ஃபீல்ட், விமானப்படையின் சிறப்புப் படைத் தளம். மான்ட்ரியலைச் சேர்ந்த பைரோஜெனிசிஸ் நிறுவனம் அங்கே ஒரு பிளாஸ்மா உலை அமைத்தது. மின்னலைப் பிடித்து அடைத்த மாதிரி, மின்வில்லின் சூட்டில் குப்பையை அணு அணுவாகப் பிரிப்பது. உலோகமும் கண்ணாடியும் உருகிக் கருங்கல் மாதிரி உறையும், மற்றது வாயுவாகும், வாயுவை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கலாம். நாளொன்றுக்கு பத்தரை டன். 2011 ஏப்ரலில் ரிப்பன் வெட்டினார்கள். அங்கே போர் கிடையாது, புழுதி கிடையாது, சாலையில் குண்டு கிடையாது.

2013 மே மாதம் அந்த உலை அரசு ஏலத்துக்கு வந்தது.

ஏலத்தின் தொடக்க விலை 25 டாலர்.

உலையைச் செய்த நிறுவனம் நொடித்துப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே தொழில்நுட்பத்தின் இன்னொரு வடிவம், 2017-ல் கடற்படையில் சேர்ந்த ஜெரால்ட் ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலில் இடம் பிடித்தது. அங்கே அதன் வேலை மின்சாரம் தயாரிப்பது கிடையாது. குப்பையை ஒழிப்பது மட்டும். நடுக்கடலில் குப்பைக்கு வேறு போக்கிடம் இல்லை, என்ன செலவானாலும் தகும்.

இப்போது அந்த 400 டாலருக்குத் திரும்புவோம். ஆப்கன் மலையில் ஒரு கேலன் டீசலை மிச்சப்படுத்தினால் 400 டாலரும் ஓர் உயிரின் ஒரு பங்கும் மிச்சம். அந்தக் கணக்கில் எவ்வளவு திக்குமுக்காடும் இயந்திரமும் லாபம்தான். ஃபுளோரிடாவில் அப்போது அதே டீசல் சாலையோரப் பங்க்கில் நாலு டாலருக்குக் கிடைத்தது. கம்பியில் மின்சாரம் அதைவிட மலிவாக வந்தது. உலை வேறாக இருக்கலாம், குப்பை ஏறத்தாழ அதேதான். கணக்கை மாற்றியது எரிபொருளின் விலைதான். போர்க்களத்துக் கணக்கைப் பத்திரமாக மடித்து ஊருக்குள் கொண்டுவந்து, 'ராணுவமே சோதித்தது' என்று விற்கவருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த விலையைத்தான்.

*

யாருடைய நுரையீரல்

பலத்தின் காற்றை 2011-ல் அலசிய மருத்துவ நிறுவன அறிக்கை, எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம் தந்தது. டயாக்ஸின் இருந்தது, ஆனால் காற்றில் பெருவாரியான மாசு நுண்தூசி. அதில் பாலைவனப் புழுதிக்கும் சுற்றுவட்டார மாசுக்கும் பங்குண்டு. குழியால்தான் இந்த நோய் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்லச் சான்று போதாது என்றது. யார் எங்கே எத்தனை நாள் மூச்சிழுத்தார் என்ற கணக்கை யாரும் வைக்காததன் விளைவு. புகை கலைந்த பிறகு அதை அளக்க முடியாது.

ஓஹாயோ தேசியக் காவல் படையின் மருத்துவ உதவியாளர் ஹீத் ராபின்சன், பாக்தாதில் எரிகுழிகளுக்குப் பக்கத்தில் பணியாற்றியவர். அரிய வகை நுரையீரல் புற்றுநோயில் 2020-ல் இறந்தார். 2022 ஆகஸ்ட் 10 அன்று அவர் பெயரைத் தாங்கி வந்த சட்டம், குழிகளுக்கு அருகே இருந்த வீரர்களுக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால் அது பணியால் வந்ததென்றே அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. நிரூபிக்கும் சுமையைச் சட்டம் நோயாளியின் தோளிலிருந்து இறக்கிவைத்தது. கர்டிஸ் எழுதி அதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

அந்தச் சட்டம் அமெரிக்க வீரர்களுக்கானது. பலத்தைச் சுற்றிப் பேரீச்சந் தோப்பு வைத்திருந்தவர்களுக்கும் காற்று அதே திசையில்தான் வீசியது. அவர்களுக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

*

மறுபடி மதிலுக்கு இந்தப் பக்கம்

2025-ல் கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் தெருவில் கைகோத்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையிலிருந்த கேள்விகளில் பாதி, பாக்தாத் ஏரிக்கரையில் ஏற்கெனவே கேட்கப்பட்டவை. ஈரக் குப்பை உள்ளே போனால் என்ன ஆகும்? சாம்பல் எங்கே போகும்? புகையை யார் அளப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை? நம் 2016 திடக்கழிவு விதிகள் டயாக்ஸினுக்கு ஐரோப்பா வைத்த அதே வரம்பைத்தான் வைத்தன: கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். வரம்பு எழுதியாயிற்று. ஆனால் டயாக்ஸினை வெப்பமானி மாதிரி ஒரு முள்ளை வைத்து நொடிக்கு நொடி பார்க்க முடியாது. புகைபோக்கியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். மாதிரி எடுக்காத நாட்களில் என்ன வெளியேறியது என்பது புகைக்கே தெரியும்.

ஒரு மனக்கணக்கு. எரியும் குப்பையில் கால் பங்கு சாம்பலாக மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் டன் எரிக்கும் உலையிலிருந்து தினமும் 250 டன் வெளியே வரும். இருபத்தைந்து லாரி. நம் குப்பையில் மண் கூடுதல் என்பதால் லாரியும் கூடலாம்.

டைகரின் இரண்டு வாய்களில் முதல் வாய் அடைத்ததற்குக் காரணம், இரண்டாவது வாய்க்குப் போக வேண்டியது முதல் வாயில் விழுந்ததுதான். ஈரக் குப்பையை நெருப்பில் போடக் கூடாது, வயிற்றில் போட வேண்டும். புளிக்கவைக்கும் வயிறு, சாண எரிவாயுக் கலனைப் போல.

அப்படி ஒரு வயிற்றை நாம் கட்டிப் பார்த்ததே இல்லையா? பார்த்தோம். அதுவும் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரமே. பாக்தாதில் டைகர் இறங்குவதற்கு முன்பே, 1996-ல் திறந்த கோயம்பேடு மொத்தச் சந்தையின் காய்கறிக் கழிவுக்காக, நாளொன்றுக்கு 30 டன் கொள்ளும் எரிவாயு மின் நிலையம் ஒன்று நின்றது. வாழைத்தண்டும் முட்டைக்கோஸ் இலையும் மின்சாரமாகி மின்வாரியக் கம்பியில் ஏறின. பாலைவனச் சூடு இல்லை. பிளாஸ்மா இல்லை. டயாக்ஸின் பிறக்க நெருப்பே இல்லை. சந்தையோ தினமும் நூறு டன்னுக்கு மேல் கழிவைக் கொட்டுகிறது.

பிறகு ஏன் அந்த முப்பது டன் வயிற்றை, சந்தைக்கு நடுவிலேயே இருந்தும், நம்மால் ஒழுங்காக நிரப்ப முடியவில்லை?

(தொடரும்)